பிரிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை

வணக்கம் நேயர்களே. கட்டற்ற மென்பொருள், அதாவது யாரும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தார்கள். விண்டோஸ் மாதிரி கணினியை இயக்குகிற மென்பொருள்கள்தான் லினக்ஸ், உபுண்டு எல்லாம்; அந்தப் பெயர்களைக் கேட்டதும் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடாதீர்கள், நான் முதலில் பேசப்போவது எங்கள் வீட்டுப் பிரிண்டரைப் பற்றி.

எட்டு வருஷம் நன்றாக உழைத்த பிரிண்டர். மகளின் ஹால் டிக்கெட், ரயில் டிக்கெட், பக்கத்து வீட்டுக்காரரின் பட்டா நகல் எல்லாம் அதில்தான். புதுக் கணினி வாங்கி அதில் இதைச் செருகினால், இப்படி ஒரு பிரிண்டரையே எனக்குத் தெரியாது என்கிறது கணினி. கம்பெனிக்குப் போன் செய்தேன். "அந்த மாடலுக்கு இப்போ டிரைவர் வர்றதில்லை சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை, கணினி சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியவைக்கிற ஒரு சின்ன மென்பொருள். பிரிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, மை இருக்கிறது, காகிதம் இழுக்கிறது. அந்தச் சின்ன மென்பொருளை எழுத மனமில்லை, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டற்ற மென்பொருள் என்ற சமாசாரம் கிளம்பியதற்கும் ஒரு பிரிண்டர்தான் ஒரு காரணம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கிருந்த பழைய பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டால், காத்திருக்கிறவர்களின் திரையில் தகவல் வருகிற மாதிரி அதன் மென்பொருளை அவரே மாற்றி வைத்திருந்தார். பிரிண்டர் வேறு மாடியில் இருந்தால் இது எவ்வளவு வசதி என்று அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். 1980 வாக்கில் அங்கே ஜெராக்ஸ் கம்பெனியின் புது லேசர் பிரிண்டர் வந்தது. ஆமாம், தெருமுனையில் "ரெண்டு ஜெராக்ஸ் போடுங்க" என்கிறோமே, அதே ஜெராக்ஸ். அதிலும் காகிதம் சிக்கியது, ஆனால் இந்த முறை மென்பொருளின் மூல நிரல், அதாவது அதை மாற்றுவதற்குத் தேவையான, மனிதர் படிக்கிற வடிவம், அவருக்குக் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரை நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், தர முடியாது என்று அந்த மனிதர் கைவிரித்துவிட்டார். அந்தக் கோபம் ஸ்டால்மனுக்கு ஆறவே இல்லை. 1983இல், கணினியை இயக்கும் மென்பொருளைக் கட்டற்றதாகவே எழுதுகிற க்னூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுத ஆரம்பித்த லினக்ஸ் கருவும், அதாவது கணினியின் பாகங்களை நடத்துகிற மையப் பகுதியும், அதோடு சேர்ந்துகொண்டது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அந்த லினக்ஸ் கருதான்.

நம் ஊரில் கிணற்று மோட்டார் நின்றால் என்ன செய்வோம்? மெக்கானிக் வந்து கழற்றிப் பார்ப்பார். கழற்றவே கூடாது, புதுசுதான் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சும்மா விடுவோமா? கணினி விஷயத்தில் மட்டும் விட்டுவிடுகிறோம். அதனால்தான் கட்டற்ற மென்பொருளை இலவசம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘ஃப்ரீ’ என்று ஒரே சொல்லாக இருப்பதால் அவர்கள் குழம்புகிறார்கள், நமக்கு இலவசம் வேறு, கட்டற்றது வேறு. காசு வாங்கிக்கொண்டும் கொடுக்கலாம். ஆனால் திறந்து பார்க்கவும், மாற்றவும், அடுத்தவருக்குக் கொடுக்கவும் தடை இருக்கக் கூடாது. திரும்பவும் சொல்கிறேன், இலவசம் இல்லை, கட்டற்றது.

சரி, பிரிண்டருக்கு வருகிறேன். வீட்டில் கிடந்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுச் செருகினேன், டிரைவர் எதுவும் தேடாமலே அச்சடித்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர் அந்த மாடலுக்கும் எழுதி வைத்திருக்கிறார். எல்லாம் சுகம் என்று சொன்னால் அது பொய். அதே மடிக்கணினியில் இரண்டு நாள் வைஃபை வரவில்லை, கடைசியில் போனைக் கேபிளில் மாட்டி அதன் இணையத்தில்தான் வைஃபைக்கு வேண்டியதையே இறக்கினேன். வங்கியில் இருந்து வந்த ஒரு எக்செல் படிவம், அதைத் திறக்கிற கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபீஸில் கட்டம் கலைந்து வந்தது. மகள் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்குத்தான் இவ்வளவு பேச்சா?" என்றாள்.

தமிழ்த் தட்டச்சு பற்றித்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம் போலிருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ் 99 விசைப்பலகை அமைப்பை லினக்ஸில் அமைப்புகளுக்குள் போய்ச் சேர்த்துக்கொண்டால் போதும், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். அப்புறம், 2011இல் தொடங்கி நம் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. அதைச் சென்னையில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. அதைப் பிள்ளைகள் எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை, அதற்கு இப்போது நேரம் இல்லை.

ஆசைப்படுகிறவர்கள் முதலில் லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு, கணினியில் நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள், வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா என்று. பிடித்தால் நிறுவலாம். நிறுவும் முன் கல்யாண போட்டோக்களை மறக்காமல் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள், நான் வைக்காமல் பட்ட பாடு... சரி, ஒரு விரலாகிவிட்டது. வணக்கம்.