பெயர்ப்பலகை எழுதியவர் தீட்டிய முகங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க ஓவியர் செஸ்டர் ஹார்டிங் 1792இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்வே என்னும் ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நாற்காலி செய்தார், முரசு செய்தார், மதுக்கடை வைத்தார். மிஞ்சியது கடன்தான். கடனாளியைச் சிறையில் அடைத்த காலம் அது. ஊரைவிட்டு ஓடிப் பிட்ஸ்பர்க் போய், முதலில் வீடுகளுக்கு வண்ணம் பூசினார். பிறகு கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார்.

அந்த ஊரில் உருவப்படம் தீட்டும் ஒருவர் இருந்தார். அவரோ தாம் வரைவதைப் பார்க்கக்கூட ஹார்டிங்கை விடவில்லை. வித்தையை ஒளித்துவைப்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. ஹார்டிங் ஒரு பலகையை எடுத்தார். தொழிலுக்கு வாங்கிய வண்ணங்களைக் கொண்டே மனைவி கரோலினை வரைந்தார். சாயல் வந்துவிட்டது! புதிதாக ஒரு புலன் கிடைத்ததுபோல இருந்ததாம் அவருக்கு. அதற்குப் பிறகு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. கென்டக்கியில் உள்ள பாரிஸ் என்ற ஊருக்குப் போனார். ஒரு படத்துக்கு 25 டாலர் கூலி. ஆறே மாதத்தில் ஏறக்குறைய 100 படங்கள். அதுதான் அவர் படித்த பள்ளி என்பேன்.

1820இல் அவர் செய்த ஒரு காரியத்துக்காகவே நான் அவரைக் கொண்டாடுகிறேன். கென்டக்கிக் காடுகளுக்கு வழி திறந்த டேனியல் பூன், எண்பத்தைந்து வயதில் மிசௌரியில் வாழ்ந்துகொண்டிருந்தார். ஹார்டிங் அவரைத் தேடிச் சென்றார். நெருங்க நெருங்க, டேனியல் பூன் யாரென்று அறிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்களாம். இரண்டு மைல் தொலைவில் இருந்த ஒருவருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை! கண்டுபிடித்தபோது பூன், துப்பாக்கியில் மருந்து இடிக்கும் கம்பியில் மான் இறைச்சியைச் சுற்றி நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். "காட்டில் எப்போதாவது வழி தவறியதுண்டா?" என்று கேட்டார் ஹார்டிங். "வழி தவறியதில்லை, ஒருமுறை மூன்று நாள் திகைத்துப்போனேன்" என்றாராம் கிழவர். உடல் தளர்ந்திருந்ததால், வரைந்து முடிக்கும்வரை அவருடைய தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தச் செப்டம்பரில் பூன் காலமானார். அவரை நேரில் பார்த்துத் தீட்டியதாக நமக்குத் தெரிந்த ஒரே ஓவியம் அதுதான்.

பிறகு பாஸ்டனில் ஹார்டிங்குக்கு அப்படியொரு மவுசு. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனையே வரைந்த முதுபெரும் ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட், "ஹார்டிங் காய்ச்சல் எப்படி இருக்கிறது?" என்று கேட்கும் அளவுக்குக் கூட்டம். லண்டனில் பிரபுக்கள் அவர் முன் அமர்ந்தார்கள். நாடு திரும்பிய பின் டேனியல் வெப்ஸ்டர் போன்ற அரசியல் தலைவர்களையும் வரைந்தார். 1866இல் மறையும்வரை தூரிகையை அவர் கீழே வைக்கவில்லை. அந்தப் பெருமக்களின் படங்களையெல்லாம்விட, மிசௌரிக் கிழவரின் அந்த முகமே எனக்குப் பெரிது.

நன்றி, வணக்கம்.