பெற்றவளுக்கு யார் பேசுவது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்து அரசி கெர்ட்ரூடு, இளவரசன் ஹாம்லெட்டைப் பெற்றவள். அவள் கணவனான ராஜாவை ரகசியமாகக் கொன்றவன் ராஜாவின் தம்பி கிளாடியஸ்; அந்தக் கிளாடியஸையே அவள் சீக்கிரமே மணந்துகொண்டாள். அவளுக்கு விமர்சகர்கள் நியாயம் செய்தார்களா? இல்லை என்பது எங்கள் கட்சி. எதிரணி நண்பர் ஒரு போடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்: “வெயிலில் சுகமாகக் கிடக்கும் ஆடு என்று பெரிய ஷேக்ஸ்பியர் விமர்சகர் பிராட்லியே சொல்லிவிட்டார். ஆட்டுக்கு எதற்கய்யா வக்கீல்?” நீங்களும் கை தட்டினீர்கள்.

1904இல் பிராட்லி அப்படித்தான் எழுதினார். மந்தமானவள், ஆழமில்லாதவள் என்றும் சேர்த்துக்கொண்டார். சரி, அந்த ஆடு பேசுவதைக் கேளுங்கள். இரண்டாம் அங்கம். இளவரசனுக்கு ஏன் பித்துப் பிடித்தது என்று அரண்மனையே மண்டையை உடைத்துக்கொள்கிறது. கெர்ட்ரூடு சொல்கிறாள்: வேறென்ன, அப்பா செத்ததும் நாம் அவசரக் கல்யாணம் செய்ததும்தான். தன் தப்பையும் சேர்த்துச் சொல்கிறாள் ஐயா! அப்புறம் அமைச்சர் பொலோனியஸ் வருகிறார், சுருக்கம்தான் அறிவுக்கு உயிர் என்று ஆரம்பித்து நீட்டி முழக்குகிறார். “விஷயத்துக்கு வாருங்கள், அலங்காரம் போதும்” என்று ஒரே வெட்டு! இதுவா மந்தம்? அவள் குறைவாகப் பேசுகிறாள், குறி தப்பாமல் பேசுகிறாள் என்று 1957இல் விமர்சகர் கேரலின் ஹைல்பிரன் எடுத்துக்காட்டினார்.

பிறகு ஏன் இந்தப் பழி? அவளைப் பற்றி மகனும், செத்துப்போன கணவனின் ஆவியும் கொட்டிய கோபத்தையே விமர்சகர்கள் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். 1603இல் நாடகம் முதன்முதலாக அச்சான ‘முதல் குவார்ட்டோ’ பதிப்பில், கணவனின் கொலை தனக்குத் தெரியவே தெரியாது என்று அவள் சத்தியம் செய்கிறாள். ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தொகுத்து வந்த 1623 ஃபோலியோ பதிப்பில் அந்த வரி இல்லை. ஆனால் “ராஜாவைக் கொல்வதா!” என்று அவள் திகைப்பது இருக்கிறதே, அது போதாதா?

கடைசிக் காட்சிக்கு வாருங்கள். வாள் போட்டி. மகனுக்கு மூச்சு வாங்குகிறது. கைக்குட்டையை நீட்டி, நெற்றியைத் துடைத்துக்கொள் என்கிறாள். அவனுக்காகக் கிளாடியஸ் வைத்த விஷக் கோப்பையை எடுத்து, அவன் வெற்றிக்குக் குடிக்கப் போகிறாள். “கெர்ட்ரூடு, குடிக்காதே” என்கிறான் கிளாடியஸ். “குடிப்பேன் அரசே, மன்னியுங்கள்.” அவன் ஒரு கை நீட்டித் தட்டிவிட்டிருக்கலாம். தட்டினானா? அது விஷக் கோப்பை, நேரம் கடந்துவிட்டது என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறான்! குடித்துவிட்டு அவள் செய்தது என்ன? “வா, உன் முகத்தைத் துடைத்துவிடுகிறேன்” என்று மகனை அழைக்கிறாள். உடம்புக்குள் விஷம், வாயில் மகன் பேச்சு!

அவள் விழுந்ததும், ரத்தத்தைப் பார்த்து மயங்கிவிட்டாள் என்று அரசன் பொய் சொல்கிறான். சபையே நம்பியிருக்கும். சாகப்போகிறவள் விட்டாளா? “இல்லை, இல்லை, அந்தப் பானம், அந்தப் பானம்! என் அருமை ஹாம்லெட்! எனக்கு விஷம் வைத்துவிட்டார்கள்!”

மகன் அந்தக் கோப்பையை இன்னும் தொடவில்லை. கடைசி மூச்சில் கணவனைக் காட்டிக்கொடுத்து, பிள்ளையை எச்சரித்துவிட்டுப் போனாள். பெற்றவள் ஐயா அவள்! நடுவர் அவர்களே, பிராட்லியின் ஏட்டை மூடிவைத்துவிட்டு, அந்தத் தாயின் குரலைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.