புளிப்பானை பத்திரம்

(கோடைகால வீடு பழுதுபார்ப்பு முகாமின் தொடக்க விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய ஊராட்சி மன்றத் தலைவி அம்மா அவர்களே, உடம்புக்கு முடியாதபோதும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் பழைய நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் ஐயா அவர்களே, பந்தலுக்கு இடம் தந்த கோயில் நிர்வாகிகளே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் மகளிர் குழுச் சகோதரிகளே, பெயர் விட்டுப்போன பெரியவர்களே, ஏணி தூக்க வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். அக்கினி நட்சத்திரத்தில் பொன்னாடை போர்த்துகிற துணிச்சல் நம் ஊருக்குத்தான் உண்டு. நல்லவேளை, தலைவர் ஐயா போர்த்தியது கைத்தறித் துண்டு. நாளைக்குக் கூரையில் ஏறும்போது தலையில் கட்டிக்கொள்வேன்.

மூன்று விஷயங்கள் பேச வந்தேன். முதலாவது, முகாமின் பழைய நினைவுகள். இரண்டாவது, கூரையைப் பார்க்கும் முறை. மூன்றாவது, பெண் பிள்ளைகளை ஏன் இன்னும் கீழேயே நிறுத்தி ஓடு எடுத்துக் கொடுக்கச் சொல்கிறோம் என்பது.

"சிறு துளி பெரு வெள்ளம்" என்று வங்கிக்காரர்கள் சேமிப்புக்குச் சொல்வார்கள். நான் ஓட்டு வீட்டுக்குச் சொல்கிறேன். ஓட்டில் ஒரு மயிரிழை விரிசல். அதில் இறங்கும் நீர் முதலில் ஓட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டமான ரீப்பரை நனைக்கும். நனைந்த கட்டைக்குக் கரையான் வரும். ரீப்பர் தொய்ந்தால் பக்கத்து ஓடு விலகும். அப்புறம் ரீப்பரைத் தாங்குகிற கைமரம், அப்புறம் சுவர். மண் சுவராக இருந்தால் ஒரு ஐப்பசி மழை போதும். ஒரு ஓட்டின் விலையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, வீட்டையே கேட்கும்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஏழு நாள் சிறப்பு முகாம் என்றால் பெரும்பாலும் கோயில் வாசலைப் பெருக்குவார்கள், மரக்கன்று நட்டுப் போட்டோ எடுப்பார்கள். நம் ஐயாதான், "பெருக்க ஊர்ல ஆள் இருக்கு, அந்த ஆச்சி வீட்டு ஓடு மாத்தத்தான் ஆள் இல்ல" என்று ஏணியைத் தூக்கினார். படிப்பு முடிந்து போனவர்களும் கோடைக்குக் கோடை வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அந்த ஆச்சி வீட்டுக் கதையைச் சொல்லாமல் என்னை இறங்க விடமாட்டீர்கள். ஓட்டுக்கூரையில் நடக்க ஒரு கணக்கு உண்டு. கைமரம் எங்கே ஓடுகிறது என்று பார்த்து, அதன் மேல்தான் கால் வைக்க வேண்டும். ஐயா கீழேயிருந்து தொண்டை வற்றக் கத்துகிறார். எங்கள் தம்பி ஒருவன், இப்போது பெரிய பொறியாளர், பெயர் சொல்லவில்லை, இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார், அவரே காட்டிக்கொடுக்கிறார் பாருங்கள். தம்பி இரண்டு கைமரத்துக்கு நடுவில் காலை வைத்தான். ரீப்பரோ உளுத்தது. சடசடவென்று சத்தம். இடுப்புக்கு மேலே தம்பி எங்களோடு இருக்கிறான், இடுப்புக்குக் கீழே அடுப்படியில் தொங்குகிறான். நாங்கள் பதறி உள்ளே ஓடினோம். ஆச்சி குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். தலைக்கு மேலே இரண்டு கால் ஆடுகிறது, குழம்பில் ஓட்டுத்தூள் விழுகிறது. அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார். "ஏல, வந்ததுதான் வந்துட்ட, முழுசா இறங்கி அந்தப் பரண்மேல இருக்க புளிப்பானைய எடுத்துக் குடுத்துட்டுப் போ" என்றார். கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

அன்றிலிருந்து முதல்தடவை ஏணியில் கால் வைக்கிற பிள்ளைக்கு நாங்கள் சொல்வது "புளிப்பானை பத்திரம்". நாளைக்கும் சொல்வோம்.

இன்னொரு வழக்கம், வேலை முடிந்ததும் முகட்டில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது. வீட்டுக் குழந்தைகள் உள்ளே ஆளுக்கொரு மூலையில் அண்ணாந்து நிற்பார்கள். "சொட்டுது!" என்று ஒரு குரல் வந்தால் மறுபடி ஏற வேண்டும். சொட்டவில்லை என்று குழந்தைகள் சொன்னால்தான் பதநீர். பனையோலைப் பட்டையில், மாங்காய்த் துண்டு போட்டு. சாயங்காலம் கருப்பட்டிக் காபி.

பனை என்று சொன்னபிறகு என்னை யாரும் நிறுத்த முடியாது, தலைவர் மன்னிக்க வேண்டும். நாம் கால் வைத்து நடக்கிற கைமரம் எது? வைரம் பாய்ந்த பனை. வரிச்சு, ஓலை, கட்டுகிற நார், எல்லாம் பனை. 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதற்கடுத்த கோடையில் கைமரம் மாற்ற முற்றிய பனை தேடி நாங்கள் ஊர் ஊராக அலைந்தோம். பனையெல்லாம் எங்கே? செங்கல் சூளைக்கு விறகாகப் போயிருந்தது. நமக்கு அது மாநில மரம். வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். அறிவிப்பு நல்லதுதான். ஆனால் ராத்திரியில் லாரி ஏற்றுகிறவன் நிதிநிலை அறிக்கை படிப்பதில்லை. இன்றைக்கு நட்டால் பலன் தரவே பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும், கைமரமாக முற்ற அதைவிடப் பல மடங்கு. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களின் பேரன் வீட்டுக் கூரைக்கு இப்போதே கொட்டை ஊன்ற வேண்டும். சிறு துளி பெரு வெள்ளம் என்பது இதற்கும் சேர்த்துத்தான்.

செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார். சரி, மூன்றாவது விஷயத்தை மாலை அமர்வுக்கு வைத்துக்கொள்வோம். தங்கைகளே, அதுவரை யாரும் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம், நாளைக் காலை ஏணி ஏறிவிடுங்கள்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆவணி, புரட்டாசியில் கண்மாய்க் கரையில் பனங்கொட்டை ஊன்ற வருகிறவர்கள் பெயரும் ஊரும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள். கடப்பாரை உள்ளவர்கள் அதையும் குறியுங்கள், போன ஆண்டு ஆள் இருந்தது, கடப்பாரைதான் இல்லை. வணக்கம்.