தோலில் குடியிருப்பவர்கள்

எல்லோருக்கும் வணக்கம். பனிக்காலத்தில் காலில் நகத்தால் ஒரு கோடு இழுத்தால் வெள்ளையாக விழும், இல்லையா? உடனே வீட்டில் யாராவது, "தண்ணியே குடிக்கிறதில்ல, அதான்" என்பார்கள். பெரும்பாலும் குறை அங்கே இல்லை. உடம்புக்குள் இருக்கிற தண்ணீர் தோல் வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கிறது.

தோலின் மேலடுக்கை ஒரு சுவர் என்று வையுங்கள். செத்துப்போன செல்கள்தான் செங்கல். இடையில் பூசியிருக்கிற கொழுப்பு, சாந்து. அந்தச் சாந்தில் ஏறக்குறைய பாதி செராமைடு என்ற பொருள். சாந்து உதிர்ந்தால் ஈரம் நிற்காது.

இந்தச் சாந்து குழைக்கிற வேலையில் பாக்டீரியாவுக்கும் பங்கு இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். பெயர் வாயில் நுழையாது. ஆனால் இந்த அரங்கில் ஏறக்குறைய எல்லோர் தோலிலும் அது குடியிருக்கிறது. அது ஸ்பிங்கோமைலினேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. நமக்கு உபகாரம் செய்வதற்காக அல்ல, தன் வயிற்றுப்பாட்டுக்காக! தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்பை உடைத்துத் தனக்கான சத்தை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது செராமைடு. 2022-ல் வெளியான ஆய்வில், எலிகளின் சேதப்பட்ட தோலில் இந்தப் பாக்டீரியாவை விட்டபோது செராமைடு கூடியது, நீரிழப்பு குறைந்தது. அந்த நொதி இல்லாத பாக்டீரியாவை விட்டால் ஒரு பலனும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வேலை செய்தது எது என்று சந்தேகமில்லாமல் பிடித்துவிட்டார்கள்.

ரொம்பவும் புகழ்ந்துவிடக் கூடாது. இதே ஆள் செயற்கை மூட்டு வழியாகவோ, ரத்தக்குழாயில் செருகிய குழாய் வழியாகவோ உள்ளே போனால் பெரிய வம்பு.

சரி, சோப்புக்கு வருவோம். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, அமிலத்தை அளக்கும் பிஎச் கணக்கில் சுமார் 5. சாதாரணக் கட்டிச் சோப்பு 9, 10 வரை போகும், அதாவது காரம். நம் உடம்பு சொந்தமாகச் செராமைடு தயாரிக்கிற நொதிகளுக்கும் அந்த அமிலம் வேண்டும். நாளுக்கு மூன்று தரம் சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டு, பிறகு கிரீம் வாங்குவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அதுவும் 'புரோபயாட்டிக்' கிரீம்! கெடாமலிருக்கப் பதனப்பொருள் சேர்த்த டப்பாவில் பாக்டீரியா எப்படி உயிரோடிருக்கும்? பெரும்பாலும் உள்ளே இருப்பது அதன் சாறுதான்.

பாக்டீரியாவைச் சாப்பிட்டால்? தென்கொரியாவில் வறண்ட தோலுள்ள 110 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. எச்ஒய்7714 என்ற லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா ரகத்தை 12 வாரம் எடுத்துக்கொண்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் ஈரப்பதம் கூடியிருந்தது. ஆனால் அது அந்த ஒரு ரகத்தின் கணக்கு. வீட்டுத் தயிரில் என்ன ரகம் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

முன்வரிசையில் ஓர் அம்மா தயிரை முகத்தில் பூசலாமா என்று கேட்கிறார். வெடிப்பு இருந்தால் எரியும்மா. மற்றபடி மெத்தென்றுதான் இருக்கும். அது தயிரின் கொழுப்பும் லாக்டிக் அமிலமும் செய்கிற வேலை. தயிர் பாக்டீரியா முகம் கழுவும்போதே போய்விடும்.