பாய்க்கப்பல்ல ஒஃபிசருக்கு என்ன வேலை?

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும் நேயர்களே. வாழைச்சேனையில இருந்து பொத்துவில் மட்டும் கடலோட சீவிக்கிறாக்கள் கனபேர் இந்த நேரம் ரேடியோ கேப்பீங்க, அதனால கடல் எப்பிடி எண்டு உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவல்ல. இண்டைக்குச் சொல்லப்போறது பயிற்சிப் பாய்க்கப்பல்ல இரிக்கிற ஒஃபிசர்மார்ர பொறுப்பப்பத்தி.

இந்தக் காலத்துல ஆருக்குப் பாய்க்கப்பல் எண்டு கேப்பீங்க. இந்திய நேவியிட தரங்கிணி, மூண்டு பாய்மரம், 1997ல இருந்து ஓடுது. அமெரிக்கன் கோஸ்ட் கார்ட்ட ஈகிள் இரிக்கி, அது 1936ல ஜேர்மன்காரன் கட்டினது, சண்டை முடிஞ்சாப்பிறகு இவங்கட கைக்கு வந்தது. இதெல்லாம் சரக்கேத்த இல்ல, இளம் பிள்ளையளுக்குக் கடலப் பழக்க. நம்மட ஆக்களும் லேசுப்பட்டாக்கள் இல்ல, வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி 1938ல அமெரிக்காவுல குளோஸ்டர் மட்டும் பாயிலயே போய்ச் சேந்தது, அதப்பத்திக் கதைக்க வெளிக்கிட்டா இண்டைக்கு முடியாது, விடுவம்.

விசயம் என்னெண்டா, சாதாரண கப்பல்ல ஒஃபிசர் கப்பலப் பாத்தாக் காணும். இதுல கப்பலையும் பாக்கணும், பழக வந்த பிள்ளையள், கடெட்மாரையும் பாக்கணும், அதுவும் கை வைக்காமப் பாக்கணும். கயிறு இழுக்கிறது கடெட், சுக்கான் பிடிக்கிறது கடெட், மேல ஏறிப் பாய் சுருட்டுறது கடெட், ஒஃபிசர் கையப் பின்னால கட்டிக்கிட்டு நிப்பார். பாக்கிறவனுக்கு சும்மா நிண்டு சம்பளம் எடுக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனா காத்து ஏறுது எண்டு வைங்க, பழகின ஆக்கள் அஞ்சு நிமிசத்துல சுருக்கிற பாய பழகுறவங்க சுருக்க அரைமணித்தியாலம் கூட எடுக்கும், அப்ப அந்த அரைமணித்தியாலத்துக்கு முந்தியே இவர் சொல்லிருக்கணும். கச்சான் காத்து எப்ப எழும்பும் எண்டு மூக்கால மணந்து சொல்ற ஆக்கள் உங்கள்ளயே இரிக்கிறீங்க, உங்களுக்கு இது விளங்கும்.

ஆருக்கு என்ன வேலை எண்டு சுருக்கமாச் சொல்றன். பாய், கயிறு, தளம், வேலையாக்கள், இதெல்லாம் கப்டனுக்கு அடுத்த ஒஃபிசர் சீஃப் மேட்ட தலையில. பாதையும் கடல் வரைபடமும் அவருக்கு அடுத்த செகண்ட் மேட். உயிர்காப்பு அங்கி, மிதவை, தீயணைக்கிற சாமான் கூடுதலா தேர்ட் மேட். வாட்ச் எண்டு சொல்ற முறைக்காவலுக்குக் கப்டன் நிக்கமாட்டார், ஆனா படுக்கப்போக முந்தி ஒரு கொப்பில எழுதிவைப்பார், காத்து இவ்வளவு கூடினா என்ன எழுப்பு, வேற கப்பல் இவ்வளவு கிட்ட வந்தா எழுப்பு எண்டு. அதுக்குக் கீழ ஒவ்வொரு ஒஃபிசரும் கையெழுத்துப் போடணும்.

வாட்ச் எண்டா நாலு நாலு மணித்தியாலம். மூண்டு குழு இருந்தா ஒரே குழுவுக்கு ஒவ்வொரு நாளும் அந்த நடுச்சாம வாட்ச்தான் விழும், அதுக்காக பின்னேரம் நாலுல இருந்து எட்ட ரெண்டா உடைச்சு, நாலு ஆறு, ஆறு எட்டு எண்டு வைப்பாங்க, அப்ப நாளுக்கு ஆறு வாட்ச் ஏழாகும், குழுவெல்லாம் மாறி மாறி வரும். கெட்டிக்காரத்தனமான வேலை.

எனக்கு முக்கியமானது இந்த வாட்ச் கைமாத்துற இடம்தான், இதுக்காகத்தான் வந்தனான் எண்டு வைங்களன். நான் கடெட்டா இருந்த காலம், நடு ராத்திரி, சுக்கான் என்ட கையில. தேர்ட் மேட்ட வாட்ச் முடியுது, செகண்ட் மேட் ஏறி வாறார், அவருக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், மருந்து குடிச்ச மயக்கம் வேற. தேர்ட் மேட் வயசில சின்னவர், பதவியிலயும் சின்னவர். அவர் மெல்லக் கேக்கிறார், "சேர், வலப்பக்கம் தெரியிற வெளிச்சம் நம்மளுக்கு முன்னால போகுமா பின்னால போகுமா?" பெரியவர் சொல்றார், "எந்த வெளிச்சம்?" நல்லாத் தெரியிது, மீன்பிடி போட் ஒண்டு. உடனே தேர்ட் மேட் சொல்லிட்டார், "சேர், கோவிக்காதீங்க, நான் வாட்ச் தரமாட்டன்." எனக்கு வகுறு கலங்கிப்போச்சு, சுக்கான இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறன்.

கப்டனக் கூப்பிட்டாச்சு. சாறனோட ஏறி வந்தார் மனிசன். ஒருக்காப் பாத்தார், "போய்ப் படுங்க" எண்டார் செகண்ட் மேட்ட, அவ்வளவுதான். பிறகு தேர்ட் மேட் கப்டனுக்கே முறைப்படி வாட்சக் குடுத்தார், போற திசை, காத்து, எந்தெந்தப் பாய் விரிச்சிருக்கு, அந்த போட் எங்க, பார்வைக்கு ஆர் நிக்கிறது, எல்லாம் ஒண்டொண்டாச் சொல்ல கப்டன் திருப்பிச் சொன்னார். கப்டனுக்குத் தெரியாததா? தெரிஞ்சாலும் திருப்பிச் சொல்லத்தான் வேணும். வாற ஆள் நிதானத்துல இல்லாட்டி வாட்ச் குடுக்கப்படாது, கப்டனுக்கு அறிவிக்கணும், கப்பல் திரும்பிக்கொண்டிருக்கிற நேரம் திரும்பி முடியுமட்டும் குடுக்கப்படாது, இது உலகம் முழுக்க உள்ள சட்டம். செகண்ட் மேட் அடுத்த துறைமுகம் மட்டும் தேர்ட் மேட்டோட முகம் குடுத்துக் கதைக்கல்ல, கெட்ட மனிசன் இல்ல, ரோசக்காரன்.

வயல்ல யானைக்காவலுக்குப் பரண்ல இருந்த ஆக்களுக்குச் சொல்லத் தேவல்ல, மாத்து ஆள் மேல ஏறி கண் இருட்டுக்குப் பழகி, யானை எந்தப் பக்கம் நிக்குது எண்டு கேட்டாப்பிறகுதான் மத்தவன் இறங்குவான். கப்பல்லயும் பதினைஞ்சு நிமிசம் முந்தி வாறது அதுக்குத்தான், கண் பழக. திரும்பவும் சொல்றன், நேரம் முடிஞ்சதால வாட்ச் முடியாது, மத்த ஆள் "நான் எடுத்திட்டன்" எண்டு வாயால சொன்னாத்தான் முடியும்.

அங்க தம்பி கைய காட்டுறார், நேரம் போச்சாம். பாய்மரம் ஏறுறதப்பத்தி விரிவாச் சொல்ல இருந்தனான், சுருக்கமா, காத்து வாற பக்கத்தாலதான் ஏறணும், ஒஃபிசர்ட்டக் கேக்காம ஆரும் ஏறப்படாது, எத்தின பேர் ஏறினது எத்தின பேர் இறங்கினது எண்டு அவர் எண்ணணும். 1957ல பமீர் எண்ட ஜேர்மன் பயிற்சிக் கப்பல் புயல்ல தாண்டது, 86 பேர்ல ஆறு பேர்தான் தப்பினது, உள்ள கொட்டியிருந்த பார்லி ஒரு பக்கம் சரிஞ்சது, அதுல சரக்கு ஏத்துற பொறுப்பப்பத்தி நிறைய இரிக்கி, இன்னொரு நாளைக்கு. ஆள் கடல்ல விழுந்தா என்ன செய்யிறது எண்டதும் மிச்சம், ஒண்டு மட்டும் சொல்லிட்டு எழும்புறன், விழுந்த ஆளக் கையால காட்டிக்கொண்டே நிக்க ஒருத்தன நிப்பாட்டணும், அவனுக்கு வேற வேலை குடுக்கப்படாது. இஞ்சினியரையும் குசினிக்காரரையும் தொடவே இல்ல, அவங்க கோவிக்கப்படாது. வாறன், வணக்கம்.