வெறுமையான மூலை
(கிளிநொச்சியில் க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான மாணவர்களே, பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே,

இருபடிச் சமன்பாடு என்றதும் நம் பிள்ளைகள் சூத்திரத்தைத் தடுமாறாமல் ஒப்புவிக்கிறார்கள். அதற்குள் இருக்கும் வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. இது எனக்குப் பெரிய மனக்குறை. ஆகவே இன்று சூத்திரத்தைச் சற்றுத் தள்ளிவைப்போம்.

எக்ஸ் வர்க்கம் சக 10 எக்ஸ் சமன் 39. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் தீர்த்துக் காட்டிய கணக்கு இது. அவரிடம் எக்ஸும் இல்லை, சமன் குறியும் இல்லை. சொற்களாலேயே எழுதினார், கூடவே படமும் கீறினார்.

வெளியே முற்றத்தில் மணல் கிடக்கிறது. ஓர் ஈர்க்கை எடுத்து ஒரு சதுரம் கீறுங்கள். பக்கம் எக்ஸ், பரப்பளவு எக்ஸ் வர்க்கம். 10 எக்ஸைச் சரிபாதியாக்கி, 5 அகலமுள்ள இரண்டு செவ்வகங்களில் ஒன்றை வலப்பக்கத்திலும் மற்றதைக் கீழேயும் ஒட்டுங்கள். இதுவரை கீறியதன் பரப்பளவு 39. ஒரு பெரிய சதுரம் உருவாகிவிட்டது, ஆனால் கீழ் வலது மூலை மட்டும் வெறுமையாக நிற்கிறது. அந்த மூலை 5 தர 5, அதாவது 25. அதை நிரப்பினால் 39 சக 25, 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8. அதில் 5 போனால் எக்ஸ் 3.

வர்க்கபூர்த்தி, அதாவது சதுரத்தை நிரப்பித் தீர்க்கும் முறை, முழுவதும் இவ்வளவுதான். காரணிப்படுத்தியும் இதைச் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம். 39ஐ 40 ஆக மாற்றிப் பாருங்கள்: முழுவெண் காரணிகள் அகப்படாது. மூலையோ அதே 25தான். 65இன் வர்க்கமூலத்தில் 5 போக, ஏறத்தாழ 3.06. சூத்திரத்தில் இருக்கும் வர்க்கமூலமும் இப்படி நிரப்பிய சதுரத்தின் பக்கத்தைத் தேடும்போது வந்ததுதான்.

இன்னொன்று. 64க்கு மறை 8உம் வர்க்கமூலம். ஆகவே மறை 13உம் நம் முதற் சமன்பாட்டின் தீர்வு. அல்-குவாரிஸ்மி மறைத் தீர்வுகளை ஏற்கவில்லை. ஆனால் அவருக்கு முன்பே, கி.பி. 628இல், இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் மறை எண்களுக்கு விதிகள் எழுதியிருந்தார். பிள்ளைகளே, எக்ஸ் ஒரு வெங்காயப் பாத்தியின் நீளமானால் மறை 13ஐ நீக்குங்கள், நீக்கிய காரணத்தையும் எழுதுங்கள். வெறும் சமன்பாடானால் இரண்டு தீர்வுகளையும் எழுதுங்கள்.

இப்போது ஈர்க்கு உங்கள் கையில். எக்ஸ் வர்க்கம் சக 6 எக்ஸ் சமன் 55. வெறுமையான மூலை எவ்வளவு?