டேஷ்போர்டை கழட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் காது குடுங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பழைய கார் வச்சிருக்கவங்க என்கிட்ட கேக்குறதுல முக்காவாசி ஒரே கேள்விதான், அண்ணே டேஷ்போர்டு கடகடன்னு அடிக்குது, கழட்டி உள்ள ஸ்பாஞ்சு வச்சு அடைச்சிரலாமா? தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. நாப்பது வருசம் வெயில் குடிச்ச பிளாஸ்டிக் அது, ஒரு கிளிப்பு ஒடஞ்சாலும் பழையபடி உக்காராது, இருந்த சத்தத்தோட புதுசா நாலு சத்தம் சேந்துக்கும்.

நான் அதிகமா கைவச்ச வண்டி மெர்சிடிஸ் டபிள்யூ 123, 1976ல வந்து 85 வாக்குல நின்னது, மொத்தம் 27 லட்சம் வண்டிகிட்ட செஞ்சாங்க. அதுல 240டி, நாலு சிலிண்டர் டீசல். ஒருத்தர் கொண்டுவந்தாரு, சிக்னல்ல நின்னா போதும் டாஷ் பாக்ஸ் மூடி கிர்ர்ர்னு அதிரும், வண்டி கிளம்பினா சத்தம் போயிரும். வேற ஒரு இடத்துல ஏற்கனவே டேஷ்போர்டை பிரிச்சு ஸ்பாஞ்சு அடைச்சிருந்தாங்க, காசு போனதுதான் மிச்சம். அந்த வண்டில ஸ்டியரிங் பக்கத்துலயே ஐடில், அதாவது வண்டி நிக்கிறப்ப இன்ஜின் சும்மா ஓடுற வேகம், அதை கூட்டுற திருகு ஒண்ணு இருக்கும், அதை லேசா திருகினேன், சத்தம் நின்னுபோச்சு. திரும்ப இறக்கினேன், திரும்ப வந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு குத்தம் மூடி மேல இல்லன்னு.

கணக்கு இதுதாங்க. ஐடில்ல நிமிசத்துக்கு 750 சுத்துன்னு வைங்க, நாலு சிலிண்டர்னா ஒரு சுத்துக்கு ரெண்டு வெடி, அப்ப செகண்டுக்கு 25 உதை. அந்த உதையை வாங்கிக்கிறது இன்ஜினை பாடி மேல தாங்குற மவுண்டிங் ரப்பர். அது சப்பையாகி இரும்போட இரும்பு ஒட்டிருச்சுன்னா உதை நேரா பாடிக்கு ஏறும், எது லூசா இருக்கோ அது ஆடும். ரெண்டு மவுண்டிங்கும், இன்ஜின் ஆட்டத்தை அடக்குற இன்ஜின் ஷாக்கும் மாத்தினோம், டேஷ்போர்டுல ஒரு ஸ்க்ரூ கூட தொடல, மூடி கம்முனு ஆயிருச்சு.

அதனால மொதல்ல காது குடுங்க. இன்ஜின் சுத்து ஏற ஏற சத்தம் மாறுதுன்னா இன்ஜின் பக்கம் போங்க. நியூட்ரல்ல உருட்டி விட்டும் வண்டி வேகத்துக்கு ஏத்த மாதிரி மாறுதுன்னா ஸ்பீடு மீட்டரை சுத்த வைக்கிற கேபிளோ சக்கரமோ. பள்ளத்துல விழுந்தா மட்டும் வருதுன்னா அப்பதான் டேஷ்போர்டுல லூசு தேடணும், இன்னொருத்தரை ஓட்டச்சொல்லி நீங்க உள்ளங்கையால ஒவ்வொரு எடமா அமுக்கிட்டே வாங்க, எங்க அமுக்குனா நிக்குதோ அந்த எடம்தான்.

மீட்டர் கேபிள் காஞ்சிருந்தா டிக்டிக்னு அடிக்கும், முள்ளும் நடுங்கும். உள்கம்பிய உருவி தொடச்சு மெல்லிசா கிரீஸ் போடுங்க, ஆனா மீட்டர் பக்கத்து முனையில ஒரு சாண் அளவுக்கு போடாதீங்க, சுத்தச்சுத்த கிரீஸ் ஏறி மீட்டருக்குள்ளயே போயிரும். அப்பறம் இந்த 123ல மீட்டர் செட்டு ஸ்க்ரூ இல்லாம அழுத்தத்துலயே நிக்கிறது, கொக்கி போட்டு இழுத்தா வந்துரும், வருதேன்னு வேகமா இழுக்காதீங்க, ஆயில் பிரஷர் மீட்டருக்கு நெசமாவே இன்ஜின் ஆயில் வர்ற சின்ன குழாய் பின்னாடி இருக்கு, அது பிச்சிக்கிட்டா கார்பெட்டு முழுக்க கறுப்பு ஆயில்தான், அந்த கறை போகவே போகாது.

இதெல்லாம் பாத்தும் சத்தம் இருந்தா, பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் ஒரசுற எடத்துல மட்டும் மெல்லிசா ஃபெல்ட் டேப் ஒட்டுங்க, வயரை தனித்தனியா துணி டேப்புல சுத்துங்க. ஃபயர்வால்ல, அதாவது இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்க தகரச்சுவர்ல, வயர் நுழையிற ஓட்டைல இருக்க ரப்பர் வெடிச்சிருந்தா மாத்துங்க, பாதி இன்ஜின் சத்தம் அந்த ஓட்டை வழியாத்தான் உள்ள வருது. ஸ்பாஞ்சு மட்டும் வேண்டவே வேண்டாம்ங்க, கண்ணாடிய சுத்தி இருக்க ரப்பர் பீடிங் வழியா ஒரு மழைத்தண்ணி எறங்கினா அப்படியே உறிஞ்சி வச்சுக்கும், அடுத்த வருசம் தகரம் துரு புடிச்சு கையோட வரும்.